நாய்த்தலையர்கள் எப்போது கிளம்பினார்கள்? பழைய ஆசிய வரைபடங்களில் வாழ்ந்த விசித்திர மனிதர்கள்

#1 எழுத்தாணி

வணக்கம் நண்பர்களே. போன வாரம் 1493-இல் நியூரம்பெர்க்கில் அச்சான உலக வரலாற்று நூலின் மின்படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஹார்ட்மான் ஷேடல் என்ற மருத்துவர் தொகுத்தது, அந்தோன் கோபெர்கர் அச்சிட்டது. அதில் இரண்டு பக்கம் விரிகிற ஓர் உலகப் படம் இருக்கிறது. மூன்று மூலைகளில் நோவாவின் மூன்று பிள்ளைகள் உலகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஏழு கட்டங்கள். ஆறு கைக்காரன், உடம்பெல்லாம் மயிர் மூடிய பெண், ஆறு விரல்காரன், பாதி குதிரையானவன், நாலு கண்ணன், பாதி ஆணும் பாதி பெண்ணுமானவர், கொக்குக் கழுத்தும் அலகும் உள்ளவன். முந்தைய பக்கத்துக்குப் போனால் இன்னும் பதினாலு பேர் காத்திருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு விலாசம் இந்தியா.

1493 என்றால் மன்னிக்கலாம். ஆனால் 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தாயிற்று. அப்புறம் வருஷா வருஷம் கப்பல்கள். அப்படியிருந்தும் 1544-இல் பாசல் நகரில் செபாஸ்டியன் மூன்ஸ்டர் வெளியிட்ட பெரிய புவியியல் நூலில் அதே கூட்டம் திரும்ப வந்து நிற்கிறது. ஒற்றைப் பாதத்தைக் குடையாகப் பிடித்துப் படுத்திருப்பவன், ஒற்றைக் கண்ணன், இரட்டைத் தலைப் பிள்ளை, தலை இல்லாமல் மார்பில் முகம் உள்ளவன், நாய்த்தலையன். ஐந்து பேரும் கல்யாண வீட்டு போட்டோவில் நிற்பது மாதிரி ஒரே வரிசையில்.

நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகும் நாற்பத்தாறு வருஷம் இவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சந்தேகப்பேர்வழி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஐரோப்பியர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத ஊர்க்காரனை மிருகமாக வரைந்தார்கள். இன்றைக்கும் அதையேதான் வேறு விதமாகச் செய்கிறார்கள்.

#3 கடலோடி

சந்தேகப்பேர்வழி அண்ணே, அவ்வளவு சுலபமில்லை. அந்தக் காலத்தில் வரைபடம் என்றால் ஒரு வகை மட்டும் இல்லை. கப்பலில் வைத்துப் பார்க்கிற படம் வேறு, படிப்பறையில் மேசைமேல் விரிக்கிற படம் வேறு. 1502-இல் லிஸ்பனிலிருந்து கள்ளத்தனமாக வெளியே போன ஒரு போர்த்துகீசியப் படம் இத்தாலியில் மொதேனாவில் இருக்கிறது. அதைக் கடத்திய ஏஜென்டின் பெயரால் காந்தினோ படம் என்பார்கள். அதில் இந்தியா ஏறக்குறைய இந்தியா மாதிரியே இருக்கும், முக்கோணமாக. ஒற்றைக்காலன், நாய்த்தலையன் யாரையும் இந்தியாவுக்குள் பார்க்க முடியாது. மாலுமிக்கு ஆழமும் காற்றும் துறைமுகமும் போதும்.

இப்படி இரண்டாகப் பிரித்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் பிரிக்க விடாமல் சில பேர் குறுக்கே வருகிறார்கள்.

ஹுவான் தெ லா கோசா. கொலம்பஸுடன் கப்பலோட்டிய ஆள். 1500-இல் அவர் வரைந்த உலகப் படம் மத்ரித் கடற்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமெரிக்கக் கரை வரையப்பட்டு இன்றுவரை பிழைத்திருக்கும் படங்களில் அதுதான் மூத்தது என்பார்கள். அதே தோலில் ஆசியாவின் வடகிழக்கு மூலைக்குப் போங்கள். கோக், மாகோக் என்று பைபிளில் வரும் பகைக் கூட்டங்களின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு நாய்த்தலையனும் ஒரு தலையில்லாதவனும் நிற்கிறார்கள். மேற்கே தன் கண்ணால் பார்த்த கரை, கிழக்கே புத்தகத்தில் படித்த கரை.

இதற்கு நேர் எதிர், வெனிஸ் பக்கத்துத் தீவு மடம் ஒன்றில் இருந்த ஃப்ரா மவ்ரோ. 1450 வாக்கில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு வட்டமாக, தெற்கு மேலே வரும்படி ஓர் உலகப் படம் செய்தார். கடலோடியவர் இல்லை, துறவி. ஆனால் வந்த போன வியாபாரிகளை எல்லாம் பிடித்து உட்கார வைத்து விசாரித்திருக்கிறார். விகார மனிதர்களைப் பற்றிப் படத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்: வருஷக்கணக்கில் கேட்டுப் பார்த்தேன், பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் அகப்படவில்லை, அதனால் விட்டுவிட்டேன் என்று. ஷேடல் நூலுக்கு நாற்பது வருஷத்துக்கு முன்னால்!

ஊர் சுற்றியவன் வரைகிறான், உட்கார்ந்திருந்தவன் விட்டுவிடுகிறான். ஆகவே அறியாமை என்ற ஒரே பதில் போதாது.

#4 கட்டை அச்சு

பழைய லெட்டர் பிரஸ் ஆள் நான். நீங்கள் எல்லோரும் தத்துவத்திலிருந்து ஆரம்பிக்கிறீர்கள், நான் பிளாக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் பிரஸ்ஸில் ஒரு பிள்ளையார் பிளாக் இருந்தது. பத்திருபது வருஷம் அந்த ஊரில் நடந்த கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் அதே பிள்ளையார்தான். தும்பிக்கை நுனி தேய்ந்துபோன பிறகும் அவரே. புது பிளாக் செய்யக் காசு யார் தருவார்கள்?

அந்த நியூரம்பெர்க் நூலில் 1809 படங்கள் இருக்கின்றன. அவற்றுக்காகச் செதுக்கிய மரக்கட்டைகள் 645. மீதியெல்லாம் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பப் போட்டதுதான். ஒரே நகரப் படம் வெவ்வேறு நகரங்களுக்கு, ஒரே முகம் வெவ்வேறு அரசர்களுக்கு. வாங்குகிறவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை. ‘இங்கே ஒரு நகரம் இருந்தது’ என்று சொல்ல ஒரு நகரப் படம், அவ்வளவுதான்.

நாய்த்தலையனும் அப்படி ஒரு பிளாக்தான் என்று நினைக்கிறேன். இந்தியா என்ற தலைப்பு வந்தால் அலமாரியிலிருந்து எடுத்துப் போட வேண்டிய பிளாக். மூன்ஸ்டர் முட்டாள் இல்லை. ஹீப்ரு பேராசிரியர், கணக்கு தெரிந்தவர். அந்தப் படத்துக்குக் கீழேயே, இந்த அதிசயங்களில் ஒன்றையாவது பார்த்த ஆள் இங்கே யாரும் இல்லை, ஆனாலும் கடவுளின் வல்லமையில் நான் தலையிட மாட்டேன் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார். எழுத்தில் சந்தேகம், படத்தில் வியாபாரம். அந்த நூல் 1628 வரை பதிப்பு மேல் பதிப்பாக வந்துகொண்டே இருந்தது. படத்தை எடுத்திருந்தால் வந்திருக்குமா?

#5 மருதநிலம்

கட்டை அச்சு ஐயா சொன்ன பிளாக் கதை அருமை. ஆனால் முதல் பிளாக்கை யார் செதுக்கினார்கள் என்று கேட்க வேண்டாமா?

கிரேக்கர்களில் இந்தியாவைப் பற்றித் தனி நூல் எழுதிய முன்னோடி கிடேசியஸ். பாரசீக அரசன் இரண்டாம் அர்தாக்சர்க்சஸின் மருத்துவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை, அரண்மனைக்கு வந்த ஆட்களிடம் கேட்டு எழுதினார். நாய்த்தலையர்கள், ஒற்றைக்காலர்கள் எல்லாம் அவர் வழியாகத்தான் மேற்கே பிரபலமானார்கள். நூறு வருஷம் கழித்து மெகஸ்தனிஸ் பாடலிபுத்திரத்துக்கே வந்து சந்திரகுப்தன் சபையில் இருந்தார். நேரில் வந்தவர் இன்னும் பட்டியலைச் சேர்த்துக்கொண்டு போனார். தங்கள் காதையே படுக்கையாக்கித் தூங்குகிறவர்கள், பாதம் பின்பக்கமாகத் திரும்பியவர்கள். எனக்குப் பிடித்தவர்கள் கங்கை பிறக்கும் இடத்தில் வாழ்கிற வாயில்லாதவர்கள். இறைச்சி வேகும் ஆவியும் பூ, பழ வாசனையுமே அவர்களுக்குச் சாப்பாடு. கெட்ட நாற்றம் பட்டால் உயிருக்கே ஆபத்து, படை முகாமில் அவர்களை வைத்துக் காப்பாற்றுவது கஷ்டமாம். (எந்தப் படை முகாமிலும் அப்படித்தான் இருக்கும்.)

இதெல்லாம் கிரேக்கக் கற்பனையா? காதில் தூங்குகிறவர்களுக்கு சமஸ்கிருதத்தில் பெயரே இருக்கிறது: கர்ணப்ராவரணர், காதைப் போர்த்துக்கொள்கிறவர்கள். ஒற்றைக்காலர்கள் ஏகபாதர். மகாபாரதத்தின் சபா பருவத்தில் சகதேவன் திக்விஜயம் போகும் இடத்தில் இரண்டு பெயரும் வருகின்றன. மெகஸ்தனிஸ் சொந்தமாகப் பொய் சொல்லவில்லை, சபையில் பெரியவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டார். அதை பிளினி ரோமில் தொகுத்தார், பிளினியிலிருந்து மற்றவர்கள், அங்கிருந்து ஷேடல், மூன்ஸ்டர். ஜெர்மானிய மரக்கட்டையில் படுத்திருக்கும் ஒற்றைக்காலன் இங்கிருந்து ஏற்றுமதியான சரக்காக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

#6 சந்தேகப்பேர்வழி

ஆக, நாமே நம்மைப் பற்றிப் பொய் சொல்லிக்கொண்டோமா? மார்பில் முகம் உள்ளவனும் அப்போது நம்ம கவந்தன்தானே. கம்பராமாயணத்தில் தலையில்லாமல் வயிற்றில் வாயோடு வருவானே.

#7 மருதநிலம்

எனக்கும் முதலில் அப்படித் தோன்றியது, தம்பி. ஆனால் அவசரப்படக்கூடாது. தலையில்லாதவர்களை ஹெரோடோட்டஸ் லிபியாவில் வைத்தார். பிளெம்மியர் என்று பிளினி சொல்வது ஆப்பிரிக்காவில், அந்தப் பெயரில் எகிப்துக்குத் தெற்கே நிஜமான மக்களும் இருந்தார்கள். இந்தியப் பக்கம் கழுத்தில்லாமல் தோளில் கண் உள்ளவர்கள் என்று ஒரு கூட்டம் வேறு வருகிறது. கவந்தனோடு சேர்த்து முடிச்சுப் போடலாம், போட்டால் அழகாகவும் இருக்கும், ஆனால் நூல் கையில் இல்லை.

இன்னொன்று. ‘நாமே நம்மைப் பற்றி’ என்றீர்கள். அங்கேதான் வேடிக்கை. சகதேவன் போவது தெற்கே. ஏகபாதரும் காதுப்போர்வையரும் வருகிற அதே பட்டியலில் பாண்டியர், திராவிடர், கேரளர் பெயர்களும் வருகின்றன. வடக்கே உட்கார்ந்து பாடிய கவிஞனுக்கு நாம்தான் உலகத்தின் விளிம்பு.

மெகஸ்தனிஸிலும் இதே கதை. ஹெராக்ளிஸின் மகள் பாண்டையா ஆளுகிற தென்னாடு. அங்கே பெண்கள் ஏழு வயதில் மணப்பருவம் அடைகிறார்களாம், ஆண்கள் நாற்பது வயதுக்கு மேல் வாழ்வதில்லையாம். முத்துக் குளிப்பதும் அந்தக் கதையோடு சேர்ந்தே வருகிறது. பாண்டிய நாடு என்பதில் சந்தேகமில்லை. இந்தியாவில் பெண்கள் ஆளும் ஒரே இனம் என்று பிளினியும் எழுதினார். (மீனாட்சியோடு இதை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. நான் போட மாட்டேன், மதுரைக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.) ஆக, வாயில்லாதவர்களும் பாண்டியர்களும் ஒரே அதிசயப் பெட்டியில் கிடந்தவர்கள்தான்.

இதையெல்லாம் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ அப்போதே நம்பவில்லை. இந்தியாவைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பொய்யர்கள், முதல் பரிசு டெய்மாகஸ் என்ற இன்னொரு கிரேக்கத் தூதருக்கு, இரண்டாம் பரிசு மெகஸ்தனிஸுக்கு என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அப்படித் தீர்ப்பு சொன்னவர்தான் அந்தக் கதைகளை விவரமாக எழுதியும் வைத்தார். திட்டுவதற்காக எழுதினாலும் கதை பிழைத்துக்கொள்கிறது.

#8 பனங்காய்

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இலங்கையை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முடியாது.

1375 அளவில் மயோர்க்காவில் ஆப்ரகாம் கிரெஸ்கஸ் என்ற யூத வரைபடக்காரர் செய்த படத்தொகுதி பாரிசில் இருக்கிறது. அதில் தப்ரபேன் (கிரேக்கர்கள் இலங்கையைச் சொன்ன பெயர்) தீவில் பன்னிரண்டு முழ உயரமான கறுப்பு ராட்சதர்கள் இருக்கிறார்களாம். அந்நியர் கையில் அகப்பட்டால் தின்றுவிடுவார்களாம். நான் ஐந்தரை அடி, சைவம். எங்களில் யாரைப் பார்த்து எழுதினார்களோ.

இதைவிடப் பெரிய சிக்கல், அந்தத் தீவு எது என்பதே தகராறு. நிக்கோலோ தெ கொந்தி என்ற வெனிஸ்காரர் இருபத்தைந்து வருஷம் கிழக்கே அலைந்துவிட்டு வந்து, தப்ரபேன் என்றால் சுமாத்ரா என்று சொல்லிவிட்டார். ஃப்ரா மவ்ரோவும் அதை எடுத்துக்கொண்டார். மூன்ஸ்டர் காலத்தில் ஒரே தீவுப் படம், பெரிய யானை ஒன்றோடு, ‘சுமாத்ரா, ஒரு பெரிய தீவு’ என்ற தலைப்பில் வருகிறது. உருவம் பழைய கிரேக்கப் புவியியலாளர் தாலமி கொடுத்த இலங்கை, பெயர் சுமாத்ரா. யானை இரண்டு ஊருக்கும் பொது என்பதால் தப்பித்தது.

பிளினியிடம் கேட்டால் வேறு மாதிரி. ரோமப் பேரரசன் கிளாடியஸ் காலத்தில் தப்ரபேனில் இருந்து ரோமுக்குத் தூதர் போனார்கள் என்கிறார். அவர் வர்ணிக்கிற தீவில் அடிமைகள் இல்லை, நூறு வயது வாழ்வது சாதாரணம், அரசனை மக்களே தெரிவு செய்கிறார்கள். அந்தத் தீவுக்குக் குடிபெயர நான் இப்பவே ரெடி. ஒரே தீவு, ஒரு புத்தகத்தில் சொர்க்கம், இன்னொரு படத்தில் மனிதன் தின்னும் ராட்சதர்.

#9 ஆழிப்பேரலை

தாலமி படத்தில் தப்ரபேன் இந்தியாவுக்குச் சமமாக இருப்பதை யாரும் கவனிக்கவில்லையா? அது இலங்கை அல்ல, கடலில் மூழ்கிய குமரிக்கண்டம்! இதை ஏன் மறைக்கிறீர்கள்?

#10 கடலோடி

யாரும் மறைக்கவில்லை. தாலமி கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உட்கார்ந்து, மாலுமிகள் சொன்ன பயண நாட்களைத் தூரமாக மாற்றினார். அந்தக் கணக்கில் இந்தியாவின் மேற்குக் கரை தெற்கே இறங்காமல் கிழக்கே ஓடுகிறது. தீபகற்பமே காணாமல் போய், மிச்ச இடத்தை இலங்கை நிரப்பிவிட்டது. மூழ்கிய கண்டம் என்றால் இந்தியத் தீபகற்பமும் கூடவே மூழ்கியிருக்க வேண்டும். அந்தத் தப்ரபேன் படத்தில் அனுராதபுரமும் இருக்கிறது. தண்ணீர் அங்கே வரவில்லை.

எழுத்தாணிக்கு: தாலமியின் நூல் 1406 – 1410 வாக்கில் லத்தீனில் வந்தது, 1477-இல் பொலோன்யாவில் வரைபடங்களோடு அச்சானது, 1478-இல் ரோம், 1482-இல் உல்ம். மறுமலர்ச்சிக்காரர்களுக்கு இது புது அறிவியல். பாகைக் கணக்கு, கட்டம் போட்ட தாள், எல்லாம் நவீனம். ஆனால் ஆசியாவின் பதினோராம் தாளில், கங்கைக்கு அப்பாலே, மூன்று தீவுகள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு வால் உண்டு என்கிறார் தாலமி. பக்கத்திலேயே, இரும்பு ஆணி அடித்த கப்பல்களைப் பிடித்து நிறுத்துகிற காந்தத் தீவுகள். இதற்கு முந்தைய பத்தாம் தாளில் நம்ம ஊர்: பாண்டியனின் தலைநகர் மொதூரா, முத்துக் குளிக்கிற கொற்கை, துறைமுகம் காபெரிஸ். மதுரைக்கும் பாகை உண்டு, வால்காரனுக்கும் பாகை உண்டு. பொய் என்று தெரிந்துகொள்ள எந்த அடையாளமும் தாளில் இல்லை. ஷேடல் மாதிரி படம் போட்டிருந்தால்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

#11 தெக்கத்திக்காரன்

வால்காரன் கதைக்கு ஒரு வால் சேர்க்கிறேன். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடன் மாலுமி ஒருவர் நிக்கோபாரில் பூனை வால் உள்ள மனிதர்களைப் பார்த்ததாக எழுதிவிட்டார். பின்னால் போனவர்கள் பார்த்துச் சொன்னது: கோவணத்தின் நுனி பின்பக்கம் தொங்குகிறது, அவ்வளவுதான். எங்கள் தாத்தாவைப் பார்த்திருந்தால் நாஞ்சில் நாட்டையும் வால்காரர் தேசம் என்று எழுதியிருப்பார்கள்.

இன்னொன்று, ஒற்றைக்காலன் பற்றி. 14-ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவரின் தூதராக சீனா போன மரிஞோல்லி என்ற பிளாரன்ஸ்காரர் திரும்பும் வழியில் எங்கள் பக்கம் கொல்லத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கினார். மயிலாப்பூருக்கும் இலங்கைக்கும் போனார். விசித்திர மனிதர்களைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள் என்று தெரிந்தே தேடியிருக்கிறார். ஒருவரையும் காணோம். கடைசியில் அவர் சொன்னது: இந்தியர்கள் உடம்பில் அதிகம் உடுத்துவதில்லை. வெயிலுக்கும் மழைக்கும் ஒரு கம்பில் சின்னக் கூடாரக் கூரை மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அதைத்தான் கவிஞர்கள் பாதமாக்கிவிட்டார்கள்.

குடை! அதன் பெயரையும் எழுதியிருக்கிறார், ‘சத்திர்’ என்கிற மாதிரி ஒலிக்கிறது. ஒன்றை பிளாரன்ஸுக்கே எடுத்துக்கொண்டு போனாராம். வெண்கொற்றக் குடையோ தாழங்குடையோ, நமக்குத் தெரியாது.

#12 மருதநிலம்

தெக்கத்திக்காரரே, இதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். சத்ர என்ற சொல்தான் அது. விளக்கம் சரியா என்று கேட்டால், ஏகபாதர் அதற்கு எவ்வளவோ முந்தியவர்கள், குடையால் பிறந்திருக்க மாட்டார்கள். ஆனால் ‘எல்லாம் பொய்’ என்று சொல்லிவிட்டுப் போகாமல், எதைப் பார்த்து இப்படி நினைத்திருப்பார்கள் என்று அந்தக் காலத்தில் யோசித்தாரே, அது பெரிது.

நிக்கோபார் வந்ததால் நம்ம பக்கக் கணக்கையும் வைத்துவிடுகிறேன். மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதை. சாதுவன் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்குகிறான். அங்கே நக்க சாரணர் நாகர், உடையில்லாதவர்கள், கரை ஒதுங்கியவர்களைத் தின்கிறவர்கள். சாதுவனுக்கு அவர்கள் பாஷை தெரிந்திருந்ததால் தப்பித்தான். தாலமியும் கங்கைக்கு அப்பால் ‘நங்கலோகை’ என்று ஒரு மக்களைச் சொல்லி, நிர்வாணர் உலகம் என்று பொருளும் தருகிறார். இராசேந்திரன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம், அதாவது நிக்கோபார். வடக்குக்கு நாம் விளிம்பு, நமக்கு அந்தத் தீவுகள் விளிம்பு. நாம் மட்டும் யோக்கியர் என்று சொல்ல முடியாது.

#13 சந்தேகப்பேர்வழி

சரி, என் முதல் பதிலைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். பாதிதான். மார்க்கோ போலோவை என்ன செய்வது? அவர் இந்தப் பக்கம் வந்தவர். அந்தமான்காரர்களுக்கு நாய்த்தலை, நாய்ப்பல் என்று எழுதியது அவர்தானே.

#14 கடலோடி

அவரேதான். ஆனால் அந்தமானில் அவர் இறங்கியதாகத் தெரியவில்லை, கப்பலில் கேட்ட கதை. தான் இருந்த இடத்தில் அதே ஆள் எப்படி நடந்துகொள்கிறார் பாருங்கள். சுமாத்ராவில் ஐந்து மாதம் காற்றுக்காகக் காத்திருந்தார். அங்கே அவர் எழுதுவது ஒரு மோசடி அம்பலம்: இந்தியாவிலிருந்து வந்த குள்ள மனிதர்கள் என்று மேற்கே காட்டி விற்கிறார்களே, அது பொய். இந்தத் தீவில் மனித முகச் சாயலுள்ள சின்னக் குரங்கு உண்டு. அதைப் பிடித்து, தாடி இடத்திலும் மார்பிலும் மட்டும் மயிரை விட்டு மீதியைச் சிரைத்து, காயவைத்து, கற்பூரம் முதலியவை போட்டுப் பதப்படுத்தி விற்கிறார்கள்!

ஆக விசித்திர மனிதர்களுக்கு உற்பத்திக்கூடமே இருந்திருக்கிறது. கட்டை அச்சு ஐயா சொன்ன வியாபாரம் அச்சகத்துக்கு முன்னாலேயே ஆரம்பமாகிவிட்டது.

கொலம்பஸும் இதே ரகம். 1492 நவம்பரில் கியூபாவில் ஒற்றைக்கண்ணர்களும் நாய்மூஞ்சிக்காரர்களும் பக்கத்தில் இருப்பதாகக் கேட்டேன் என்று குறித்துக்கொள்கிறார். ஆசியாவுக்கு வந்துவிட்டதாக நம்பியவர், ஆசியாவில் இருக்க வேண்டியவர்களை விசாரிக்கிறார். அடுத்த வருஷம் எழுதிய கடிதத்தில், பலர் எதிர்பார்த்த விகார மனிதர்களை நான் இதுவரை காணவில்லை என்று சொல்கிறவர், அதே கடிதத்தில் போகாத ஒரு மாகாணத்தில் வாலோடு பிறக்கிறார்கள் என்கிறார். போகாத மாகாணம், கவனியுங்கள். 1599-இல் ஹோண்டியஸ் போட்ட தென் அமெரிக்கப் படத்தில் தலையில்லாதவன் கயானாவில் நிற்கிறான். ஆசியாவில் வாடகை ஏறியதும் வீடு மாற்றிக்கொண்டார்கள்.

#15 பட்டுச்சாலை

தாமதமாக வருகிறேன். எல்லோரும் மேற்கேயே பார்க்கிறீர்கள், ஒரு கிழக்குக் கதை.

பிளினியிடம் குள்ளர்கள் உண்டு. இந்தியாவின் கோடி மலைகளுக்கு அப்பால் வாழ்கிறவர்கள். ஆட்டின் மேல் ஏறி, வில்லெடுத்து, வசந்த காலத்தில் மூன்று மாதம் கடற்கரைக்கு இறங்கிக் கொக்கு முட்டைகளை அழிப்பார்கள், இல்லையென்றால் கொக்குகள் அவர்களை ஒழித்துவிடும். 1602-இல் மத்தேயோ ரிச்சி என்ற இத்தாலியப் பாதிரியார் பெய்ஜிங்கில் சீன மொழியில் பெரிய உலகப் படம் அச்சிட்டார். சீனர்களுக்கு ஐரோப்பிய அறிவியலின் பெருமையைக் காட்டுகிற படம். அதில் ‘குள்ளர் நாடு’ என்று போட்டு எழுதியிருக்கிறார்: ஆள் ஓரடி உயரம், ஐந்து வயதில் பிள்ளை பெறுவார்கள், எட்டு வயதில் கிழம், பறவைகள் பிடித்துத் தின்னும், அதனால் குகையில் வாழ்கிறார்கள், கோடை மூன்று மாதம் வெளியே வந்து முட்டைகளை உடைப்பார்கள், ஆட்டில் சவாரி.

ரிச்சி 1578-இல் கோவாவில் இறங்கியவர், கொச்சியில் குருப்பட்டம் வாங்கியவர். நாலு வருஷம் இந்தியாவில் இருந்தவர், இந்தியாவைப் பற்றிய கிரேக்கக் கதையை ரோம் வழியாகப் படித்து, சீனாவில் போய் அச்சடிக்கிறார். வழியில் கொச்சியில் யாரையாவது கேட்டிருக்கலாம்.

சீனர்களும் அதிர்ந்துபோயிருக்க மாட்டார்கள். மலைகளையும் கடல்களையும் பற்றிய அவர்களுடைய பழம் நூலில் ஒற்றைக்கண்ணரும் மார்பில் துளையுள்ளவர்களும் ஏற்கெனவே இருந்தார்கள். கொரியாவில் பிற்காலத்தில் போட்ட வட்ட உலகப் படங்களில் அந்தப் பெயர்களெல்லாம் வரிசையாகச் சுற்றி நிற்கும்.

#16 கட்டை அச்சு

கடலோடி ‘வீடு மாற்றிக்கொண்டார்கள்’ என்றார். பாதிப் பேர் மாறினார்கள். மீதிப் பேர் வேஷம் மாற்றிக்கொண்டார்கள் என்பது என் கட்சி.

1510-இல் வர்தேமா என்ற இத்தாலியர் பயண நூல் வெளியிட்டார். கோழிக்கோட்டு அரசர் தன் கோயிலில் ‘தேவுமோ’ என்ற பிசாசை வணங்குவதாக எழுதினார். தலையில் போப்பாண்டவர் முடி மாதிரி மூன்றடுக்கு, நாலு கொம்பு, அகலமான வாய், கொக்கி மாதிரி கை, சேவல் கால். 1515-இல் ஆக்ஸ்பர்க்கில் ஜெர்மன் பதிப்பு வந்தபோது யோர்க் ப்ரோய் அதைச் செதுக்கினார். அவர் இந்தியச் சிலை எதையும் பார்த்தவர் இல்லை, தன் ஊர்ச் சர்ச் சுவரில் இருக்கிற நரகத்துப் பிசாசைச் செதுக்கிவிட்டார். அதுவும் மூன்ஸ்டர் நூலுக்குள் வந்து சேர்ந்தது. ஆட்கள் மனிதர்களாகத்தான் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது, அதனால் கொம்பை எடுத்துச் சாமிக்கு வைத்துவிட்டார்கள். சந்தேகப்பேர்வழி வாபஸ் வாங்காத அந்தப் பாதியை நான் ஏற்கிறேன்.

1617-இல் ஆம்ஸ்டர்டாமில் பிளாவ் வெளியிட்ட ஆசியப் படத்தைப் பாருங்கள். மேலே கண்டி, கோழிக்கோடு, கோவா, மக்காவ் என்று நகரக் காட்சிகள். இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாகக் கட்டங்கள், கட்டத்துக்குள் ஜோடி ஜோடியாக மனிதர்கள்: பாரசீகர், ஜாவாக்காரர், சீனர், தாத்தாரியர். எல்லோருக்கும் ஒரு தலை, இரண்டு கால், அவரவர் உடுப்பு.

எழுத்தாணி, நீங்கள் முதலில் காட்டிய 1493 படத்தில் ஆறு கைக்காரன் நின்ற இடம் எது? அதே இடது ஓரம், அதே மாதிரிக் கட்டம். அச்சுக்காரன் கண்ணுக்கு இதுதான் முதலில் தெரியும். பார்டர் அப்படியே இருக்கிறது, உள்ளே பிளாக் மட்டும் மாறியிருக்கிறது. வாங்குகிறவனுக்கு ஓரத்தில் வேடிக்கை பார்க்க ஆள் வேண்டும். நாய்த்தலை விற்றவரை நாய்த்தலை, அப்புறம் தலைப்பாகை.

#17 எழுத்தாணி

எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக வேலையைக் கெடுத்துக்கொண்டு இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடலோடி சொன்னதால் தாலமியின் ஆசியத் தாள்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பன்னிரண்டு தாள்கள். பத்தாம் தாளில் மதுரையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டாம் தாள் வடகிழக்கு, பட்டு வரும் தேசம். அங்கே மலைகளுக்குப் பக்கத்தில் ‘ஒத்தொரொகொரா’ என்று ஒரு பெயர். ஊராகவும் இருக்கிறது, மலையாகவும் இருக்கிறது. உரக்க நாலு தடவை சொல்லிப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

உத்தரகுரு!

சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் இல்லறம் தொடங்குவதைச் சொல்லும்போது புகார் நகரத்தை இளங்கோ எதற்கு ஒப்பிடுகிறார்? ‘உத்தர குருவின் ஒப்பத் தோன்றிய’. தவம் செய்தவர்கள் போய்ச் சேர்கிற, உழைக்காமல் இன்பம் மட்டும் துய்க்கிற போகபூமி. அதற்கு தாலமி பாகை குறித்திருக்கிறார். காபெரிஸ், அதாவது புகாருக்கும் குறித்திருக்கிறார்.

#18 மருதநிலம்

அடடா. ஒத்தொரொகொரா எனக்குத் தெரியும், இளங்கோவை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

#19 கடலோடி

இரண்டுக்கும் பாகை இருக்கிறதே. தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாமா?

#20 தெக்கத்திக்காரன்

போடுங்கள். நடந்து போகிறதாக இருந்தால் குடை நான் கொண்டுவருகிறேன்.